இலவசம் நின்ற நாள்

நபோசா சின்ன வயதிலிருந்தே எதையும் லேசில் நம்பமாட்டாள். மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். மீன்காரி சத்தியம் செய்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவாள். கம்பாலாவில் மின்சார பைக் விற்க வந்த கம்பெனிக்கு அந்தக் குணம் பிடித்திருந்தது. வண்டி இங்கே விலைபோகுமா என்று பார்த்துச் சொல்லும் வேலையை அவளிடம் கொடுத்தார்கள்.

சோதனைக்காகச் சில வண்டிகளை அவள் அண்ணன் முவாங்காவின் பைக் டாக்சி ஸ்டாண்டில் விட்டிருந்தார்கள். பேட்டரி தீர்ந்தால் பக்கத்து நிலையத்தில் கொடுத்துவிட்டு, நிறைந்ததை மாட்டிக்கொள்ளலாம். சோதனை முடியும்வரை இலவசம்.

யாரைக் கேட்டாலும், "தங்கமான வண்டி, நாளைக்கே வாங்குறோம்" என்றார்கள். அதுதான் அவளை உறுத்தியது. ஒரு சவாரிக்கு யார் முறை என்று தினமும் சட்டையைப் பிடிக்கிறவர்கள், இதில் மட்டும் எப்படி ஒத்துப்போகிறார்கள்?

"பழைய பெட்ரோல் வண்டிய விலை பேசிட்டேன். சனிக்கிழமை ஆள் வர்றான். நீ சரின்னு எழுதிடு" என்றான் முவாங்கா.

"அவசரப்படாதேண்ணே. வித்துட்டு அப்புறம் நிக்கப்போற."

"பாத்தீங்களாடா? தாய்ப்பால்லயே தண்ணி கலந்திருக்கான்னு பார்த்தவ என் தங்கச்சி!" பெருமையும் எரிச்சலும் கலந்துதான் மற்ற ஓட்டுநர்களிடம் சொன்னான்.

அவள் பெட்ரோல் பங்க் ஓரமாகப் போய் நின்றாள். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டே வண்டிகள் உள்ளே வந்தன. சவாரிக்காரர் முன்பணம் கொடுக்க, போய்ச்சேரும் அளவுக்கு மட்டும் பெட்ரோல் விழுந்தது. டேங்கை நிரப்பியவர் ஒருவருமில்லை. நிரப்பினால் ராத்திரியில் எவனாவது குழாய் போட்டு உறிஞ்சுவான். இரவல் கேட்ட சிநேகிதன் தூரத்து ஊரான ஜிஞ்ஜாவரைக்கும் ஓட்டிவிடுவான். காலி டேங்க்தான் வண்டிக்குப் பூட்டு. பேட்டரியோ முழுசாகத்தான் கிடைக்கும்; இலவசம் நின்றபின், முதல் சவாரிக்கு முன்பே முழு சார்ஜுக்கும் காசு கொடுத்தாக வேண்டும்.

"நாளைக்கு ஒருநாள் காசு வாங்குங்க சார்" என்றாள் கம்பெனி மேலாளரிடம்.

"சோதனை கெட்டுடும்மா."

"கெடுதான்னுதான் பார்க்கணும்."

மறுநாள் காலை, மின்சார வண்டிகள் பளபளவென்று ஸ்டாண்டிலேயே நின்றன. "மழை வரும்போல, அதான் எடுக்கல" என்றான் ஸ்டாண்டு ஓட்டுநர் லுபேகா. வெயில் மண்டையைப் பிளந்தது. பழைய வண்டியில், முட்டைக்கோஸ் மூட்டையோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்த முவாங்கா, தங்கையைப் பார்த்ததும் வேகமெடுக்கப் பார்த்தான்.

"அண்ணே, நில்லு! தங்கமான வண்டி அங்கல்ல நிக்குது?"

"விடிகாலையில முழு பேட்டரிக்கு யாரு குடுப்பா? இந்தக்காகிட்ட கேட்டா செருப்பால அடிப்பாங்க."

"அடிப்பேன்" என்றாள் பின்னாலிருந்தவள்.

இப்படியே தவணைக்கு விற்றால், ஓடாமல் நின்று, பணம் கட்ட முடியாமல் வண்டிகள் திரும்பிவரும், செலவான மின்சாரத்துக்கு மட்டும், பேட்டரியைத் திருப்பிக் கொடுக்கும்போது காசு வாங்குங்கள் என்று நபோசா எழுதிக்கொடுத்தாள்.

மேலாளர் கண்ணைச் சுருக்கினார். "உங்கண்ணன் ஸ்டாண்டு. எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டாங்களா?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாள். "வேற ஸ்டாண்டுல நீங்களே நின்னு பாருங்க சார்."

போய், அங்கும் இதையே பார்த்துவிட்டு வந்தவர், பேட்டரியில் செலவை அளக்கும் மீட்டர் பொருத்தும்வரை விற்பனையை நிறுத்திவைத்தார்.

சனிக்கிழமை வண்டி வாங்க ஆள் வந்தான். முவாங்கா சீட்டைவிட்டு இறங்கவில்லை. "இப்ப விக்கலப்பா" என்றான். வந்தவன் திட்டிக்கொண்டே போனான்.

"செலவானதுக்கு மட்டும்னு சொல்றியே, எவ்வளவு செலவாச்சுன்னு யாரு சொல்லுவா?" என்று தங்கையைக் கேட்டான் முவாங்கா.

"மீட்டர்."

"மீட்டர வெக்கிறது யாரு?"

"கம்பெனி."

"அப்போ?"

"வரட்டும்ணே. மூடியக் கழட்டிப் பார்த்துட்டுத்தான் உன் பழைய வண்டிய விக்கச் சொல்லுவேன்."