கால்வாய் மேல் போகும் கோடு

எங்கள் தெரு நடுவில் ஓடும் கால்வாய் தூர்ந்துபோய்ப் பல வருஷம் ஆகிறது. மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். இந்தக் கரையில் நாங்கள் ஒரு தொகுதி, எதிர்க்கரையில் இருப்பவர்கள் வேறு தொகுதி. எந்த எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போனாலும், கால்வாய் அடுத்த தொகுதி என்பார்கள். இந்தப் பதிலில் மட்டும் கட்சி வித்தியாசமே கிடையாது.

தொகுதி வரைபடங்களை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டு, கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போகும் ரயிலில் செல்போனில் தேடினேன். பெரிதாக்கினால் எங்கள் தெருவே தெரிந்தது. எல்லைக்கோடு கால்வாயின் நட்டநடுவில் போனது. அப்படியானால் பாதிக் கால்வாய் எங்களுடையதுதானே?

சாயங்காலம் எதிர்வீட்டு அக்காவிடம் காட்டினேன். "இனிமே இன்னா சொல்லித் தட்டிக் கழிப்பாங்க? வா, போலாம்" என்றாள்.

எங்கள் எம்.எல்.ஏ. ஆபீசில் இருந்த உதவியாளர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "கோடு கால்வா மேலயே போவுதும்மா. அப்போ அது அவங்களுதும் இல்ல, நம்மளுதும் இல்ல. இத்த எனக்கு வாட்ஸ்அப்புல அனுப்பு" என்றார்.

எம்.எல்.ஏ.விடம் காட்டத்தான் கேட்கிறார் என்று அனுப்பினேன். இப்போது எங்கள் தெருவிலிருந்து யார் போய்க் கேட்டாலும், அந்தப் படத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்.