பேண்டேஜ் சுற்றிய பாலன்

மாலை ஐந்து நாற்பது. ராஜபாளையத்தில் அக்காவின் தெருவில் இருக்கும் சிற்றாலயத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது குழந்தை இயேசு. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் கிடத்தியிருந்தார்கள். தலையிலிருந்து கால் வரை பேண்டேஜ். கண்ணும் மூக்கும் வாயும் மட்டும் வெளியே தெரிந்தன.

அன்று கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்புகிறவன். மார்கழிக் கூட்டத்தில் இரண்டு பஸ்களை விட்டுவிட்டு மூன்றாவதில் நின்றுகொண்டே வந்திருந்தேன்.

பேண்டேஜ் சுற்றியவள் என் அக்கா. அந்தத் தெருவில் பாதிப் பெண்கள் பேண்டேஜ் துணி செய்யும் யூனிட்டுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். கிறிஸ்துமஸ் குடிலுக்கு வேண்டியதெல்லாம் அங்கிருந்துதான் வரும். மலைமேல் பனிக்கு மருத்துவப் பஞ்சு, சம்மனசுகளின் அங்கிக்கும் இறக்கைக்கும் வலைத்துணி. பாலனுக்கு மட்டும் ஒரு பழைய பட்டுத்துண்டு உண்டு. அந்த வருடம் அதை எலி கடித்துவிட்டது. அக்கா கழிவில் போன ஒரு சுருளைக் கொண்டுவந்து சுற்றினாள். சுற்றும்போது தலையையும் சேர்த்துச் சுற்றிவிட்டாள். நெற்றியைச் சுற்றி, காதை மூடி, தாடைக்கு அடியில் ஒரு முடிச்சு. யூனிட்டில் நாள் முழுக்க அவள் கையில் புரளும் அட்டைப்பெட்டியின் மேல் தலைக்கட்டுக்கு அச்சடித்திருக்கும் படம் அது.

அவளோடு ஒரே மேசையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரி தூக்கிப் பார்த்தாள்.

"என்ன மதினி இது? பொறந்த அன்னைக்கே பைக்குல இருந்து விழுந்துட்டாராக்கும்?"

"தொழுவத்துல பொறந்த பிள்ளைட்டி. மாடு மிதிச்சிருக்கும்" என்றாள் அக்கா.

"டி.டி. ஊசி போட்டாச்சா?"

"மூணு ராசா வாராகல்ல, அவிய கொண்டாருவாக."

பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். நானும் சிரித்தேன்.

பிறகு சிரிப்பு நின்றது. பக்கத்து வீட்டுக்காரி பாலனை நாற்காலியில் மெதுவாக வைத்தாள். போரில் அடிபட்டு, தலையில் இப்படிக் கட்டுப் போட்ட குழந்தைகளின் படங்கள் அந்தப் பெண்கள் எல்லோருடைய போனுக்கும் வந்திருந்தன. அக்காவின் ஒரே மகன், மேற்காசியாவில் குண்டு விழும் ஒரு துறைமுக ஊரில், கட்டட வேலையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். போன ஞாயிறு செய்யவில்லை. அனுப்பிவைத்த ஏஜென்ட் டவர் பிரச்சினை என்றார். மறுநாள் ஏஜென்டும் போனை எடுக்கவில்லை.

"நீ பேப்பர்லதானலே இருக்க? உனக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று அக்கா தினமும் போனில் கேட்டாள். எனக்குத் தெரிந்தது ஏழாம் பக்கத்தில் வந்த ஒரு சின்னப் பத்தி. அதில் அந்த ஊரின் பெயர் இருந்தது. அங்கே வேலைக்குப் போனவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்கள் பேப்பரின் டெஸ்க்கில் கேட்டேன். செய்தி ஏஜென்சி கொடுத்தது அவ்வளவுதான் என்றார்கள்.

பூசை இல்லாத நாளில் ஜெபம் நடத்தும் உபதேசியார் வந்து பாலனைப் பார்த்து முகம் சுளித்தார். "நல்ல நாளும் அதுவுமா இதென்னம்மா கோலம்? தலையையாவது அவுத்துவிடு."

அக்கா தாடை முடிச்சில் விரலை வைத்தாள். "இல்லைய்யா, இருக்கட்டும்" என்று கையை எடுத்துக்கொண்டாள்.

பங்குச் சாமியார் ஏழு மணிக்கு வந்தார். நள்ளிரவுப் பூசை பெரிய கோயிலில். இதுபோன்ற சிற்றாலயங்களுக்கு அதற்கு முன்னாலேயே வந்து முடித்துவிட்டுப் போக வேண்டும் அவர். அவசரத்தில் பாலனைக் கவனித்ததாகவே தெரியவில்லை. வாங்கினார், குடிலில் கிடத்தினார், தூபம் காட்டினார்.

மன்றாட்டு வேளையில் உலக சமாதானத்துக்காக வேண்டினார். எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று எல்லோரும் பதில் சொல்ல வேண்டும். எனக்கு முன்வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி அக்காவின் காதில் கிசுகிசுத்தாள்.

"மெதுவாச் சொல்லுங்க மதினி. ஆண்டவர் கேட்டுப்புட்டா பொறவு நமக்கு ஓவர்டைம் கெடையாது."

அந்த வரிசையில் தோள்கள் குலுங்கின. யூனிட்டில் மூன்று ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. எதனால் ஓடுகிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அக்காவின் தோளும் ஒருமுறை குலுங்கியது. பிறகு பதிலைச் சொன்னாள். கோயிலில் மற்ற குரல்களெல்லாம் அடங்கிய பின்னும் அவள் குரல் கேட்டது.

பூசை முடிந்ததும் பாலனின் பாதத்தை முத்தம் செய்ய வரிசையில் நின்றோம். பாதமும் கட்டுக்குள் இருந்ததால் எல்லோரும் துணியைத்தான் முத்தமிட்டார்கள். அக்கா மட்டும் நெற்றியில் முத்தமிட்டாள். பிரிந்து தொங்கிய நுனியை யூனிட்டில் செய்வதுபோல் கட்டைவிரலால் உள்ளே செருகினாள். நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். நான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

வீட்டில் மகனுக்குப் போன் போட்டாள். மணி அடிக்கவில்லை. மறுபடி போட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து கேக் வந்தது. ஒரு துண்டைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு எனக்குக் கொடுத்தாள். தான் சாப்பிடவில்லை.

கிறிஸ்துமஸ் அன்றும் காலை ஷிஃப்ட் இருந்தது. சரக்கு தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டுமாம். லீவு கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். அக்கா கேட்கவில்லை.

"வீட்ல இருந்து என்னத்தப் பண்ண? கை சும்மா இருந்தா மனசு எங்கெங்கயோ போவுது" என்றாள்.

பக்கத்து வீட்டு ஸ்கூட்டரை வாங்கிக் கொண்டுபோய் விட்டேன். கேட்டுக்குள் லாரியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெட்டிகளில் ஒட்டியிருந்த சீட்டில், சரக்கு போய்ச் சேர வேண்டிய இடமாக, அவள் மகன் வேலை பார்க்கும் ஊரின் பெயர் இருந்தது.