ஜெய்புன்னிசா தைத்த கடைசிச் சிறகு

ஜெய்புன்னிசா அக்கா என் முகத்தைப் பார்த்து வரவேற்றதே கிடையாது. கதவைத் திறந்ததும் அவர் கண் நேராக என் துணிப்பைக்குத்தான் போகும். பை புடைத்திருந்தால், "வா செல்வராஜு, ஒக்காரு" என்பார். தட்டையாகத் தொங்கினால் பேசாமல் உள்ளே போய்விடுவார். காரணம் எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது. நான் கொஞ்சம் மந்தம்.

சென்னைக்குத் தெற்கே ஒரு விமானப்படைப் பயிற்சி நிலையம். அதன் வாசலுக்கு எதிரே மதார் சாகிப் பாயின் யூனிஃபார்ம் கடை. அங்கே நான் துணி வெட்டுகிறவன். விமானம் ஓட்டத் தேறியவர்கள் மார்பில் மாட்டிக்கொள்ளும் சிறகை மட்டும் நாங்கள் தொடமாட்டோம். அது ரயிலேறிச் செங்கல்பட்டுக்கு, அக்கா வீட்டுக்குப் போகும். பத்து வருஷமாக அவர்தான் அதைத் தைத்தார்.

மூன்று படைக்காரர்களும் அந்த நிலையத்துக்கு வந்து போவார்கள். ஓட்டுகிறவருக்கு இரண்டு பக்கமும் சிறகு, வழி பார்த்துச் சொல்கிறவருக்கு ஒரு பக்கம் மட்டும். கடற்படைச் சிறகு தங்க ஜரிகையில், நடுவில் நங்கூரத்தோடு இருக்கும். அந்த நங்கூரத்தை அக்கா அளவுக்குத் தைக்க எங்கள் பக்கம் ஆள் கிடையாது. தைத்து முடித்ததும் பின்பக்கம் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போடுவார். அது அவர் கையெழுத்து மாதிரி.

பயிற்சி முடிகிற சமயத்தில் டஜன் கணக்கில் ஆர்டர் வரும். அப்போது பை புடைத்திருக்கும். நடுவில் எப்போதாவது ஒரே ஒரு சிறகு, அதுவும் அவசரமாகக் கேட்டால், யாரோ விழுந்துவிட்டார் என்று அர்த்தம். உடம்போடு சட்டையும் கருகிப் போயிருக்கும். சவப்பெட்டியின் மேல் வைக்கப் புதுச் சட்டை வேண்டும், அதற்குப் புதுச் சிறகு வேண்டும். சீட்டில் பெயர் எழுதமாட்டார்கள். எந்தப் படை, எப்போது வேண்டும், அவ்வளவுதான். அக்காவும் பெயர் கேட்டதில்லை. கேட்டால் ஊசி ஓடாது என்பார்.

அக்கா பிறந்தது கோவளத்தில். தம்பி சௌகத் அலிக்கு இரண்டு வயதாக இருக்கும்போது தாய் போய்விட, இவர்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தார். கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்து, மூன்றே வருஷத்தில் புருஷனையும் இழந்தபின் இவருக்கென்று இருந்தது அந்தத் தம்பி ஒருவன்தான். கோவளம் கடற்கரை மேலே பறக்கிற பயிற்சி விமானங்களைப் பார்த்தே வளர்ந்த பையன், எழுபத்து மூன்றில் கடற்படை விமானியானான். அவன் சிறகை அக்காவே தைத்தார். மற்றதெல்லாம் ஒரு நாள் வேலை, அதற்கு மட்டும் நாலு நாள் எடுத்தார்.

அதற்கப்புறம் பை தட்டையாக இருக்கிற நாட்களில் கதவிடுக்கிலேயே கேட்பார்: "எந்தப் படை?" விமானப்படை என்றதும், தம்பி இல்லை என்று மூச்சு விடுவார்.

எழுபத்தாறில் ஒரு நாள் காலை, பாய் என் முகத்தைப் பார்க்காமல் சீட்டை நீட்டினார். கடற்படை, ஒன்று, இன்று சாயங்காலத்துக்குள்.

"இங்க கடற்படையில யாரும் விழலையே பாய்?"

"விழுந்தது வேற ஊர்ல. பொட்டி இங்க வந்து எறங்குது. கோவளத்துக்குப் போவணும்." பாய் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "தந்தி ஜெய்புன்னிசாவோட சித்தப்பா வூட்டுக்குப் போயிருக்கு. அவங்க வந்து சொல்லட்டும்பா. நம்ம வாயால வேணாம்."

"வேற யார்கிட்டயாவது குடுங்க பாய்."

"நங்கூரம் வேற யாருக்கு வரும்?"

ரயில் ஊரப்பாக்கத்தில் நின்றபோது இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தேன். இறங்கவில்லை. செங்கல்பட்டில் வெயில் மண்டையைப் பிளந்தது. கதவு திறந்தது. கண் பைக்குப் போனது.

"எந்தப் படை?"

"கடற்படைக்கா."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பத்து வருஷத்தில் முதல் தடவையாக ஆளைக் கேட்டார். "யாரு செல்வராஜு?"

"யாரோ மலையாளத்துக்காரராம். இங்க டிரெய்னிங் வந்தவரு."

"நெஜமா?"

"நெஜமாத்தாங்க்கா."

"அல்ஹம்துலில்லா" என்று இறைவனுக்கு நன்றி சொன்னவர், சொன்ன வாயையே கையால் பொத்திக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர். "பாவம், நான் இன்னா ஜென்மம் பாரு. அவனுக்கும் ஒரு அக்கா இருப்பா இல்ல? நல்லா செஞ்சி குடுக்கலாம். ஒக்காரு, டீ போடறேன்."

நான் பொய் சொன்னதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். பாயின் பேச்சு, சாயங்காலக் கெடு, அக்கா தாங்கமாட்டார் என்ற பயம். அவை எதுவும் இல்லை. அது கோழைத்தனம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஜன்னலோரம் தையல் சட்டத்தைப் போட்டு மத்தியானம் முழுக்கத் தைத்தார். தம்பி பெருநாளைக்கு லீவில் வருவதைப் பற்றியே பேச்சு. அவனுக்காகத் தலையணை உறை ஒன்று பாதி தைத்துக் கிடந்தது. நங்கூரம் அவ்வளவு அழகாக வந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது. தலையணை உறையில் கிடந்த பச்சை நூலை எடுத்துப் பின்பக்கம் முடிச்சுப் போட்டார். அவர் கொடுத்த டீயை நான் சொட்டு விடாமல் குடித்தேன். வெளியே யார் நடந்தாலும் சித்தப்பாவோ என்று காது அங்கேயே இருந்தது. யாரும் வருவதற்குள் சிறகை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அன்று ராத்திரி சித்தப்பா வந்து விஷயத்தைச் சொல்லி, அக்காவைக் கோவளத்துக்கு அழைத்துப் போனாராம். மறுநாள் அங்கே தம்பியின் அடக்கம் முடிந்ததும் கடற்படை அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து, மடித்த வெள்ளைச் சட்டையை அக்கா மடியில் வைத்தார். சிறகு மின்னியது. நான் வாசல் கூட்டத்தில் ஒரு ஆளின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அக்கா நங்கூரத்தை விரலால் தடவினார். விரல் நின்றது. கொக்கியைக் கழற்றிச் சிறகைத் திருப்பினார். பச்சை முடிச்சு இருந்தது.

அவர் தலை நிமிர்ந்தது. கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நேத்து எங்க வூட்ல டீ குடிச்சிகினு ஒக்காந்திருந்தியே செல்வராஜு," என்றார் மெதுவாக. "தெரிஞ்சிதான் குடிச்சியா?"

"ஆமாங்க்கா" என்றேன்.