உருளைக்கிழங்குச் செடிக்கு வந்த இரண்டு கோடு

சுண்ணாம்புக்குளம் பக்கம் ஏரியில் இறங்கிக் கையால் நண்டு பிடிப்பது என் பிழைப்பு. மகள் ஸ்டெல்லா விவசாயம் படிக்கிறாள். எங்கள் மணலில் உருளைக்கிழங்கு வருமா என்று பார்க்க, விதைக்கிழங்கு வாங்கி வந்து கொல்லையில் நட்டிருந்தாள்.

போன வருஷம் தை மாதம் நண்டுக் கூடையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது, கொல்லையில் அவள் தன் அம்மாவிடம், "ரெண்டு கோடு வந்துடுச்சும்மா, சந்தேகமே இல்ல" என்று சொல்வது காதில் விழுந்தது. கல்யாணமாகாத பெண். கர்ப்பம் பார்க்கும் பட்டையைப் பற்றி எனக்கும் தெரியும். கூடை கைநழுவி, நண்டுகள் வீடு முழுக்க ஓடின.

"யாரும்மா காரணம்? பேரைச் சொல்லு" என்றேன்.

"அசுவினிதான் நைனா."

"இன்னா சொல்ற? அது பொம்பள பேராச்சே!"

"ஐயோ நைனா, அது பூச்சி! இலைச் சாறை உறிஞ்சி வைரஸைப் பரப்பும். செடிக்கு நோய் இருந்தா இந்தப் பட்டையில ரெண்டு கோடு வரும்."

நண்டைப் பிடிக்கவும் முடியாமல், சிரிப்பை அடக்கவும் முடியாமல் என் மனைவி தவித்தாள்.

நோய்ச் செடிகளைக் கிழங்கோடு பிடுங்கி எரித்தோம். இந்த வருஷம் செடிகளை நானே சோதிக்கிறேன். முந்தாநாள் சந்தோஷத்தில், "ஒரு கோடுதான் வந்திருக்கு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்திவிட்டேன்.

பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா வேலியருகே வந்து, என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "விடு கண்ணு, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றார்.