சுவரோரம் போன நூல்கள்

நுண்ணோக்கி அறை வேலை என்பது பாதி காத்திருப்பு, பாதி மூச்சடக்கம். என்னைப்போல் நுண்ணோக்கியை இயக்கி, இருட்டில் உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்ட உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கைப்பிடியில் பூ

ஒரு வெள்ளிக்கிழமை ஆராய்ச்சி மாணவி சுகந்தி பிரிக்பீல்ட்ஸ் கோயிலிலிருந்து நேராக ஆய்வகத்துக்கு வந்தாள், தலையில் மல்லிகையோடு. கண்ணாடித் தட்டில் நாங்கள் வளர்க்கும் எலிக் கருக்களுக்கு வாசனை ஆகாது. சென்ட், சாம்பிராணி, பூ எதுவானாலும் வளர்ச்சி நின்றுவிடலாம். அவளுடைய முந்தைய கருக்கள் ஏனென்று தெரியாமலே நின்றுபோயிருந்தன. இந்த முறையும் போனால் படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடு என்று சொந்த ஊர் பந்திங்கிலிருந்து அவள் அப்பா சொல்லியிருந்தார்.

அவள் பூவைக் கழற்றிக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, ஹாஸ்டலுக்குப் போய்த் தலைக்குக் குளித்து வந்தாள். எலிக் கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் மணியம் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றான். “பேய்க்கே பூ வாசம் புடிக்கும்லா அண்ணே. இதுங்களுக்குப் புடிக்காதுன்னா, இதுங்க என்னதான்?”

முதல் நாள் சாப்பாடு

கருவுற்ற முட்டைக்குள் முதல் நாள் இரண்டு உட்கரு உருண்டைகள் தெரியும். ஒன்றில் தாயின் மரபு நூல்கள் (டி.என்.ஏ.), மற்றதில் தந்தையுடையவை. பக்கத்தில் வரும், ஒன்றாகாது. அந்த நூல்கள் இன்னும் பேசத் தொடங்கியிருக்காது, அதாவது எந்தக் கட்டளையும் தந்திருக்காது. தாய் முட்டையில் வைத்துவிட்டுப் போன சரக்கில்தான் எல்லாம் ஓடும். முட்டையை எடுத்த பிறகு அந்தத் தாய் எலி உயிரோடு இருப்பதில்லை.

சுகந்தி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “செத்துப்போன அம்மா சமைச்சு வச்சதத்தான் சாப்பிடுதுங்க, அங்கிள்.”

பச்சை வளையம்

வளர்ந்த உயிரணுவில் நூல்கள் கண்டபடி கிடப்பதில்லை. பேசாமலிருக்க வேண்டிய பகுதிகள் உட்கருவின் சுவரோரம் ஒட்டியிருக்கும். முதல் நாள் கருவில் அந்தப் பழைய ஒழுங்கு அழிந்து, எல்லாம் புதிதாக அமைய வேண்டும். நூல்கள் பேசத் தொடங்கிய பிறகுதான் சுவருக்குப் போகின்றனவா, அதற்கு முன்பேயா? இதுதான் அவளுடைய கேள்வி. சுவரைத் தொட்ட நூல் பச்சையாக ஒளிரும்படி செய்திருந்தாள்.

இந்த முறை கருக்கள் நிற்கவில்லை. நான் விளக்கை அணைத்தேன். திரையில் வெறும் கறுப்பு. பிறகு ஓர் உருண்டையின் ஓரத்தில் மெல்லிய பச்சை வளையம். அடுத்ததிலும். இன்னும் பேச்சே தொடங்காத நூல்கள், யாரோ கூப்பிட்டதுபோல் போய்ச் சுவரோரம் நின்றிருந்தன. சுகந்தி வெளியே போய் பந்திங்குக்குப் போன் போட்டாள். “அப்பா, நான் வரல. இதுங்கள யாரு கூப்பிட்டாங்கன்னு பாக்கணும்.”

சொல்ல ஆளில்லாமலே அந்த நூல்கள் தங்கள் இடத்துக்குப் போய்விடுகின்றன. என் மனைவி இறந்துபோன பிறகு கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பது என்று எனக்குத்தான் இன்னும் தெரியவில்லை.