ஏழடிக்கு எட்டடி

திண்டிவனத்தில் பதினெட்டு வருஷம் பிறர் வீடுகளில் சமைத்தவள் இசைவாணி. ஒரு சமையலறையைப் பார்த்ததுமே, அதைக் கட்டியவர் ஒருநாளாவது சோறு வடித்திருக்கிறாரா என்று சொல்லிவிடுவாள்.

மனை வியாபாரி ஜெகதீசன் வடித்ததே இல்லை. அவர் வீட்டுச் சமையலறை கல்யாண மண்டபம் அளவு. அடுப்பு ஒரு கோடி, சிங்க் மறு கோடி, நடுவில் பெருமைக்கென்று ஒரு கிரானைட் மேடை. ஒருநாள் கஞ்சி வடிக்கக் கொதிக்கும் குண்டானோடு அந்த மேடையைச் சுற்றிப் போன இசைவாணி, காலில் கொட்டிக்கொண்டாள். ஓடிவந்த ஜெகதீசன் முதலில் தரையைத்தான் பார்த்தார்.

"பாத்து வரக்கூடாதா? டைல்ஸ் இத்தாலி!"

அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நொண்டியபடியே வெளியேறினாள். மறுபடி அங்கே போகவில்லை.

அடுத்த வருஷம் முகையூரில் சொந்த வீடு கட்டினாள். ஏழடிக்கு எட்டடியில் சமையலறைக்குச் செங்கல் துண்டால் கோடு போட்டாள். அடுப்பை ஒட்டியே சிங்க், திரும்பினால் அலமாரி.

கொத்தனார் சகாயராஜ் முகம் சுளித்தார். "இவ்ளோ சின்னதா? வர்றவங்க மதிப்பாங்களா?"

"மதிக்கிறவங்க ஹால்ல குந்திக்கினு மதிக்கட்டும். நான் இங்க சமைக்கணும்."

புதுமனை புகுந்த அன்று, முப்பது பேருக்குப் பிரியாணியை அவள் ஒருத்தியாகவே அங்கே நின்று இறக்கினாள்.