கற்பகவல்லியின் ஒன்பது தப்புகள்

கற்பகவல்லி தன் கல்யாணப் பத்திரிகையிலேயே தப்புக் கண்டுபிடித்தவள். தேதிக்கும் கிழமைக்கும் ஒத்துப்போகவில்லை. அதற்குள் நானூறு பத்திரிகை ஊருக்குள் போய்விட்டது. முகூர்த்தம் சரியாக இருக்கிறதல்லவா, கிழமையில் என்ன கெட்டுப்போச்சு என்று மாப்பிள்ளை வீட்டார் மழுப்பிப் பார்த்தார்கள். கல்யாணப் பெண் விடவில்லை. தானே சிவகாசி அச்சாபீசில் போய் உட்கார்ந்து, புதிதாக அச்சடிக்க வைத்த பிறகுதான் மஞ்சள் பூசிக்கொண்டாள். இந்தப் பிள்ளையின் கண் சும்மா வீட்டில் கிடக்கக் கூடாது என்று அந்த அச்சகத்து முதலாளி மறுமாதமே அவளை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து இருபத்தேழு வருஷமாக அதே அச்சகத்தில் காலண்டர்களுக்கு புரூஃப் பார்க்கிறாள். கோயில் காலண்டர், சர்ச் காலண்டர், பள்ளிவாசல் காலண்டர், நகைக்கடை, உரக்கடை என்று எது வந்தாலும் அவள் பேனா பட்ட பிறகுதான் மெஷின் ஓடும். ஒரு அமாவாசையைக்கூட அவள் தவற விட்டதில்லை. புருஷன் சங்கையா தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் லோடு ஏற்றும் மேஸ்திரி. "இவ கண்ணுல படாமத் தப்பிச்ச தப்பு இன்னும் பொறக்கல" என்பார். அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார் என்று அவள் நம்பினாள். மற்றவர்கள் மதியம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. சாம்பாரிலும் பேனாவால் சுழித்துவிடுவாளோ என்ற பயம்தான்.

போன ஆடியில் ஒரு புது ஆர்டர் வந்தது. மும்பைக்குத் தெற்கே கொங்கணக் கடற்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே யூதர்களுடைய ஜெப ஆலயம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்குப் புது வருஷம் புரட்டாசியில் பிறக்கிறது, அதனால் செப்டம்பரில் தொடங்கும் காலண்டர் முந்நூறு வேண்டும் என்று ரூபன் திவேகர் என்ற செயலாளர் மெயில் அனுப்பியிருந்தார். மாதத்துக்கு ஒரு தாள். விளக்கேற்றும் நாள்களில் ஒரு சின்ன விளக்குப் படமும் நேரமும் போட வேண்டும். மேலே சாமி படம் எதுவும் வேண்டாம் என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்.

கற்பகவல்லிக்கு அந்த ஆர்டர் பார்த்த உடனே பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பொழுதுசாய விளக்கு. "நம்மளை மாதிரியே வெள்ளிக்கிழமை விளக்கேத்துறாக" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். ஆனால் பண்டிகைகளுக்கு வந்தபோது பேனா நின்றது. வருஷப் பிறப்பு இருபத்துமூன்றாம் தேதி, விளக்கோ இருபத்திரண்டில் இருந்தது. பெரிய விரதம் அக்டோபர் இரண்டு, விரதம் தொடங்கும் நேரம் ஒன்றாம் தேதிக் கட்டத்தில் இருந்தது. இந்த மாதிரி ஒரு வரி மேலே ஏறிப்போன பட்டியல்களை அவள் ஆயிரம் பார்த்திருக்கிறாள். பாவம், டைப் அடித்தவர் தூக்கக் கலக்கத்தில் இருந்திருப்பார் என்று நினைத்து, ஒன்பது இடங்களில் விளக்கைப் பிடுங்கி அடுத்த நாள் கட்டத்தில் நட்டாள். ரூபனுக்குப் புரூஃப் போயிற்று. சரி என்று பதில் வந்தது. முந்நூறும் அச்சாகி லாரி ஏறின.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். கற்பகவல்லிக்கு அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குச் சறுக்கியது. பள்ளிவாசல் காலண்டருக்குப் புரூஃப் பார்க்க வந்திருந்த பெரியவர் பேச்சுவாக்கில் சொன்னார். "எங்களுக்கு ராத்திரி முன்னால, பகல் பின்னாலம்மா. பொழுது சாஞ்சா அடுத்த நாள் பொறந்துரும். யூதருக்கும் அப்படித்தான்."

அவள் கையிலிருந்த பேனா மேஜையில் விழுந்து உருண்டது. அவள் எடுக்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலமே விளக்கேற்ற வேண்டும் என்றால், பட்டியல் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அவள்தான் திருத்தித் திருத்தி ஒன்பது பண்டிகைகளைக் குட்டிச்சுவராக்கியிருக்கிறாள். ரூபனுடைய முதல் மெயிலை எடுத்து மறுபடி படித்தாள். அந்தச் சமூகத்தில் நிறையப் பேர் வெளிதேசம் போய்விட்டார்கள், மிச்சமிருப்பவர்களில் பலர் கிராமங்களில் ஒற்றை வீடாக இருக்கிறார்கள், கேட்க ஆள் கிடையாது, இந்தக் காலண்டரைப் பார்த்துத்தான் விரதமும் பண்டிகையும் என்று அதில் இருந்தது. காலண்டர்கள் வருகிற ஞாயிறு காலை கூரியரில் போகும் என்று கடைசியாக வந்த மெயிலில் இருந்தது. யாரோ ஒரு வயதானவர் தனியாக ஒரு வீட்டில், அவள் திருத்திய காலண்டரை நம்பி, விரத ராத்திரியில் வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதை நினைத்ததும் எழுந்து நேரே முதலாளி அறைக்குப் போனாள்.

இப்போதைய முதலாளி ஸ்ரீராம்குமார், பழைய முதலாளியின் மகன், நிதானமான ஆள். "போன்ல சொன்னாப் போதும்க்கா. இதுக்குப் போயி நீங்க அம்புட்டுத் தூரம் போறீகளா?" என்றார்.

"தப்பு என் கையில நடந்துச்சு. என் கையாலதான் ஒட்டணும்" என்றாள்.

ஒரு கட்டத்தை மறைக்க வெள்ளை ஸ்டிக்கர், அடுத்ததில் ஒட்ட விளக்கு ஸ்டிக்கர் என்று இடத்துக்கு இரண்டு வீதம் ஐயாயிரத்து நானூறு அச்சடித்தார்கள். முதலாளி ரூபனுக்குப் போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, எங்கள் அக்கா வெள்ளிக்கிழமை வருகிறார் என்றார். "என்ன சொன்னாரு? கோவமா இருந்தாரா?" என்று கற்பகவல்லி நாலு தடவை கேட்டாள். "வரட்டும்னு சொன்னாருக்கா" என்றார் முதலாளி. வரட்டும் என்பதைச் சிரித்துக்கொண்டும் சொல்லலாம், பல்லைக் கடித்துக்கொண்டும் சொல்லலாம். வியாழக்கிழமை விருதுநகரில் ரயிலேறியதிலிருந்து மறுநாள் புனேயில் இறங்கும் வரைக்கும் அந்த ஒரு சொல்லையே திருப்பித் திருப்பி புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புனேயிலிருந்து பஸ். மலை இறங்கி, மழையில் நனைந்து, அவள் அந்த ஜெப ஆலயத்து வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெள்ளையடித்த சின்னக் கட்டடம். உள்ளே கண்ணாடிக் கிண்ணங்களில் எண்ணெய் விளக்குகள் தொங்கின. கூட்டம் கூடியிருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்தேழு வருஷம் பிறர் தப்பைப் பார்த்தவளை முதன்முறையாக அறுபது பேர் பார்த்தார்கள். திரும்பி அதே ஆட்டோவில் ஏறிவிடலாமா என்று நினைத்தாள். ஆட்டோ போய்விட்டிருந்தது.

ஒரு பெண் ஓடிவந்து பையை வாங்கினாள். ரூபனின் மனைவி டயானா. சென்னையில் ஐந்து வருஷம் நர்ஸாக இருந்தவள். "வாங்க வாங்க. நாங்க ரெண்டு நாளா சிரிச்சிட்டே இருக்கோம்" என்றாள் தமிழில். "சிவகாசியிலேர்ந்து ஒரு அம்மா எங்க பண்டிகையெல்லாம் ஒரு நாள் தள்ளி வச்சிட்டு, மன்னிப்புக் கேக்க ரயில்ல வர்றாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டோம். உங்களைப் பாக்கத்தான் இன்னிக்கு இவ்ளோ கூட்டம்."

ரூபன் வந்தார். வழுக்கைத் தலை, குண்டுக் கன்னம். கண்தான் கொஞ்சம் திருட்டு முழி முழித்தது. "புரூஃப் வந்தப்போ நான் என் பேர் சரியா இருக்கான்னு மட்டும்தான் பாத்தேன்" என்றார் இங்கிலீஷில். டயானா அதைத் தமிழில் சொல்லிவிட்டுப் புருஷனின் தோளில் ஒரு அடியும் வைத்தாள். "தப்புல பாதி இவருது."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கற்பகவல்லிக்குக் கண்ணில் நீர் முட்டியது, கூடவே சிரிப்பும் முட்டியது. அதை மறைக்கச் சட்டென்று வேலையில் இறங்கினாள். பையைத் திறந்து ஸ்டிக்கர் கட்டை எடுத்தாள். "காலண்டரு எங்கன இருக்கு? இப்பவே ஆரம்பிச்சா..."

அறுபது பேரும் ஒன்றாகக் கூடாது என்று தலையை ஆட்டினார்கள். பொழுது சாய்ந்துவிட்டது. நாளை சாயங்காலம் வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும் வரை ஒட்டக் கூடாது, வெட்டக் கூடாது, எழுதக் கூடாது. ஓய்வு நாள்.

"நான் ஒட்டலாம்ல? எனக்கு அந்த விதி கெடையாதுல?" என்றாள் கற்பகவல்லி.

"உங்களுக்குக் கிடையாதுதான். ஆனா எங்களுக்காக இன்னிக்கு யாரும் வேலை செய்யக் கூடாது. நீங்க விருந்தாளி. உக்காருங்க" என்றாள் டயானா.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள். பெண்கள் பக்கம் இடம் கொடுத்தார்கள். என்ன பாடுகிறார்கள் என்று ஒரு எழுத்தும் புரியவில்லை, ஆகவே தப்பும் தெரியவில்லை. அது எம்புட்டுச் சுகமாக இருக்கிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து அவள் கையைத் தங்கள் இரண்டு கைக்குள் வைத்து எடுத்து, தங்கள் விரல்களை உதட்டில் தொட்டுக்கொண்டார்கள். இவர்கள் வழக்கம் அது. பதினைந்தாவது ஆளுக்கு அவளும் அப்படியே செய்ய ஆரம்பித்தாள். முப்பதாவது ஆளுக்கு அவளே முந்திக்கொண்டாள்.

ராச்சாப்பாட்டுக்குத் தேங்காய்ப்பால் விட்ட மீன் குழம்பு. பக்கத்தில் எண்பது வயது ஃப்ளோரா ஆண்ட்டி. அவள் பேசப் பேச டயானா தமிழில் சொன்னாள். "எங்க முன்னோருங்க இந்தக் கரையில செக்கு ஆட்டினவங்க. சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. அதனால சனிக்கிழமை எண்ணெய்க்காரங்கன்னு ஊரே கூப்பிடும்."

கற்பகவல்லி கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தாள். "எங்க விருதுநகருலயும் சனிக்கிழமைன்னா எண்ணெய்தான். செக்குல இல்ல, ஆம்பளைக தலையில" என்று சொல்லி, சங்கையா கோவணத்தோடு எண்ணெய் வழிய வெயிலில் உட்கார்ந்திருப்பதை நடித்தும் காட்டினாள். மொழிபெயர்க்கும் முன்பே மேஜை அதிர்ந்தது. ஃப்ளோரா ஆண்ட்டிக்குப் புரையேறி, நாலு பேர் முதுகில் தட்டினார்கள். கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று கற்பகவல்லி யோசித்தாள், கணக்குப் பிடிபடவில்லை.

சனிக்கிழமை பகல் முழுக்கச் சும்மா இருந்தாள். மத்தியானம் தூங்கினாள். சீசன் நேரத்தில் மத்தியானத் தூக்கம், யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

சாயங்காலம் எல்லோரும் முற்றத்தில் அண்ணாந்து நின்றார்கள். கடல் மேகம். முதல் நட்சத்திரம் வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதைக் காணோம். கழுத்து வலித்து, சிலர் தென்னை இடுக்கிலிருந்த பல்பைக் காட்டி அதுதான் என்று சாதித்தார்கள். கற்பகவல்லி சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பொடி எழுத்தில் புள்ளி தேடுகிற கண் அது. வரிக்கு வரியாக வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்து, கிணற்றுக்கு நேர் மேலே விரலை நீட்டினாள். "அங்கன."

இருந்தது. முற்றமே ஹோவென்றது. ஒரு நிமிஷத்தில் ஜமக்காளம் விரித்தாயிற்று, முந்நூறு காலண்டரும் வந்தாயிற்று. ஆளுக்குத் தொண்ணூறு ஸ்டிக்கர். யார் வேகம் என்று போட்டி. ரூபன் தன் வழுக்கையில் ஒன்றை ஒட்டிக்கொண்டார். நடுவில் அவலில் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்து, பழங்களை அடுக்கி, நன்றி சொல்லிப் பாடி, எல்லோருக்கும் கொடுத்தார்கள். எட்டரைக்குள் வேலை முடிந்தது.

வேலை முடிந்ததும் கற்பகவல்லி அவள் வேலையை ஆரம்பித்தாள். ஒவ்வொரு காலண்டராகப் புரட்டினாள். இருநூற்றுப் பத்தாவதோ என்னவோ, கை நின்றது. ஏப்ரல் மாதத்தில் விளக்கு தலைகீழாக, தப்பான கட்டத்தில், பாதி மடிந்து ஒட்டியிருந்தது. பிய்த்தால் தாள் கிழியும்.

ஃப்ளோரா ஆண்ட்டி எழுந்து வந்தாள். அதை ஒட்டியது அவளுடைய எண்பது வயது விரல். வருஷம் பிறக்கும் முன் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்பது இவர்கள் முறையாம். கிழவி கையைக் கூப்பி ஏதோ சொன்னாள். டயானா தமிழில் சொல்ல வாயெடுத்தாள்.

"சொல்ல வேண்டாம். விளங்கிருச்சு" என்றாள் கற்பகவல்லி. ஃப்ளோராவின் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்து எடுத்து, விரலை உதட்டில் தொட்டுக்கொண்டாள். பிறகு அந்தக் காலண்டரைச் சுருட்டித் தன் பைக்குள் வைத்தாள். "இது எனக்கு."

மற்றவை ஞாயிறு காலை கூரியர் ஏறின, ஒவ்வொரு விளக்கும் அதனதன் கட்டத்தில்.

அந்தக் காலண்டர் இப்போது சிவகாசியில் கற்பகவல்லியின் நாற்காலிக்கு மேலே தொங்குகிறது, ஏப்ரல் மாதம் திறந்தபடியே. போன வாரம் உரக்கடைக்காரர் ஒருவர் ஆர்டர் கொடுக்க வந்தார். வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, தொழில் தெரிந்தவரிடமே தப்புக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னார். "ஏம்மா, இங்கன விளக்கு தலைகீழா இருக்கே, பாக்கலையா?"

"பாத்தேன்ய்யா. அது அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கற்பகவல்லி அவருடைய ஆர்டரை வாங்கிப் படிக்க ஆரம்பித்தாள்.